பழைய படகும் பழுது பற்றிய அச்சமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது, முப்பது ஆண்டுகள் பழமையான சிறு உல்லாசப் படகை வைத்திருப்போரும், அப்படியொன்றை வாங்க எண்ணுவோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. எழுதுபவர் மெக்கானிக் அல்லர். ஒற்றை டீசல் எஞ்சின் பொருத்திய பழைய கண்ணாடியிழைப் படகு ஒன்றை சாங்கிப் பக்கம் நிறுத்தி வைத்து, அதனோடு பல ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தி வருபவர். ஆகவே விடைகள் அந்த வகைப் படகையும், சிங்கப்பூரைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

படகுக்கு இருபத்தைந்து வயது ஆகிவிட்டது. இனி எந்த நேரத்திலும் நின்றுவிடும் என்றுதானே பொருள்?

இல்லை. இந்த எண்ணத்தில் பாதி சிங்கப்பூர்ச் சாலைகளிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுகளில் முடிந்துவிடுவதால், பத்து வயதுக் காரையே கிழடு என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். படகுக்கு அப்படியொரு கெடு கிடையாது. கெட்டியாக வார்த்த கண்ணாடியிழை உடல் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நிற்கும்; ஒழுங்காக எண்ணெய் மாற்றப்பட்ட டீசல் எஞ்சினின் இரும்புக் கட்டும் எளிதில் தேய்ந்துவிடாது. கெட்டுப்போவன பெரும்பாலும் அவற்றைச் சுற்றியுள்ள ரப்பர் குழாய்கள், சீல்கள், பம்புகள், மின்கம்பி இணைப்புகள் போன்றவையே. இவை எதற்கும் படகின் வயது இருக்க வேண்டியதில்லை. போன மாதம் மாற்றிய குழாய்க்கு ஒரு மாத வயதுதான்.

வயதையும் பழுதையும் ஒன்றாகக் கருதக் கூடாது என்பதற்கு ஒரு பழைய ஆய்வும் உண்டு. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்லி நோலன், ஹோவர்ட் ஹீப் ஆகிய இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978இல் எழுதிய அறிக்கையில், விமானப் பாகங்களில் 11 விழுக்காடு மட்டுமே வயது கூடக் கூடப் பழுதடையும் வாய்ப்பும் கூடும் தன்மை உடையவை என்றும், எஞ்சிய 89 விழுக்காட்டுக்கு 'இத்தனை மணி நேரம் ஓடியதும் கழற்றி மாற்று' என்ற விதியால் பயனில்லை என்றும் காட்டினார்கள். விமானம் உப்புநீரில் ஊறிக்கொண்டிருப்பதில்லை என்பதால் இந்தக் கணக்கை அப்படியே படகுக்குப் பொருத்த முடியாது. ஆயினும் கேள்வியை அது திருப்பிப் போடுகிறது: 'படகுக்கு என்ன வயது?' என்பதை விட, 'இந்தப் படகில் வயதால் கெடும் பொருள்கள் எவை, அவற்றைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள்?' என்பதே கேட்க வேண்டியது. பழைய படகின் உரிமையாளரை இரவில் விழிக்க வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் இருப்பதுதான்.

அப்படியானால் எதற்கு உண்மையிலேயே அஞ்ச வேண்டும்?

தண்ணீர் உள்ளே வருவதற்கு, தீப்பிடிப்பதற்கு, நங்கூரம் போடக் கூடாத இடத்தில் எஞ்சின் நின்றுவிடுவதற்கு. இம்மூன்றையும் தவிர்த்த மற்றப் பழுதுகள் பணத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் தின்னும், அவ்வளவே. குளிர்பதனப் பெட்டி வேலை செய்யாததற்கும், கடல்நீர்க் குழாய் வெடித்திருப்பதற்கும் ஒரே அளவு கவலையைச் செலவிடுவதால்தான் பலர் சோர்ந்து போகிறார்கள்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டத்திற்கு அறுபது சென்டிமீட்டர் கீழே உள்ள, ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் விட்டமுடைய குழாய் ஒன்று கழன்றால் நிமிடத்திற்கு நூறு லிட்டருக்கும் மேல் உள்ளே புகும். மணிக்கு 2000 கேலன் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் மின்பம்பு, காகிதக் கணக்குப்படி நிமிடத்திற்கு 125 லிட்டர் அளவு வெளியேற்ற வேண்டும். ஆனால் தண்ணீரை மேலே தூக்கி, வளைந்த குழாய் வழியே தள்ளி, பாதி இறங்கிய பேட்டரியில் ஓடும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஆகவே பம்பை நம்பி நிம்மதி கொள்வது தவறு. கடல்நீர் வால்வுகள் ஒவ்வொன்றும் கையால் திறந்து மூடும்படி இளகி இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் அருகிலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் மென்மரக் கூம்பு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். குழாய்களின் கிளாம்புகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். அந்த எஃகும் பட்டையின் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரித்துப்போவது உண்டு. சிறிய கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளேயும், புரொப்பெல்லரைச் சுழற்றும் பகுதி பின்புறம் வெளியேயும் உள்ள) வகைப் படகு என்றால், பின்புறத்தில் மடிப்பு மடிப்பாக உள்ள ரப்பர் பெல்லோஸ் கிழிந்தால் நிறுத்தி வைத்த இடத்திலேயே படகு மூழ்கலாம். என்ன செலவானாலும் அதைத் தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள்.

தீயைப் பொறுத்தவரை, பழைய படகில் முதலில் ஐயப்பட வேண்டியது மின்கம்பிகளைத்தான். அரித்துப்போன இணைப்பில் மின்தடை கூடுகிறது, தடை கூடினால் சூடேறுகிறது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தி, முக்கிய இணைப்புகளைத் தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் சுட்டிப் பார்த்தால், மற்றவற்றை விடச் சூடான ஒன்று தானாகவே தன்னைக் காட்டிக்கொடுக்கும். முந்தைய உரிமையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சேர்த்த கம்பிகளில் எதற்கு எது என்று தெரியாதவற்றை, இரு முனையையும் கண்டுபிடித்துப் பிடுங்கிவிடுவது நல்லது. என் படகிலிருந்து அவ்வாறு எடுத்த செத்த கம்பிகள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை நிரப்பின.

டீசல் எஞ்சின் போகும் வழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் எது காரணம்?

எஞ்சின் காரணமாக இருப்பது அரிது. டீசல் எஞ்சினுக்குச் சுத்தமான எரிபொருளும் காற்றும் கிடைத்து, சூடு வெளியேறிக்கொண்டிருந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். எனவே பழுதைத் தேட வேண்டிய இடங்கள் எரிபொருள், குளிரூட்டும் கடல்நீர் ஆகிய இரண்டு பாதைகள். கிளம்பவே மறுத்தால் பேட்டரி.

கடல்நீர்ப் பாதையில் முதல் குற்றவாளி இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம். தண்ணீர் இல்லாமல் சுழன்றால் அது சில நிமிடங்களிலேயே பாழாகிவிடும். ஓடாமல் கிடந்தாலும் இதழ்கள் வளைந்தபடியே இறுகி, பிறகு ஒரு நாள் உடையும். பழைய இம்பெல்லரைக் கழற்றும்போது இதழ்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறில் நான்குதான் இருக்கிறது என்றால், காணாமற்போன இரண்டும் வெப்பமாற்றியின் வாயில் போய் அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றை எடுக்காமல் புது இம்பெல்லரைப் போடுவது பாதி வேலைதான். அடுத்த ஐயம் உள்ளிழுக்கும் வாயில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பை. மழைக்குப் பின் ஜொகூர் நீரிணையில் மிதந்து வருபவற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, புகைபோக்கி முழங்கை: கடல்நீரும் புகையும் கலக்கும் அந்த வளைவின் உட்புறம் கரியும் துருவும் படிந்து மெல்ல மெல்லச் சுருங்கும். ஆண்டுதோறும் எஞ்சின் சற்றுக் கூடுதலாகச் சூடேறுகிறது, காரணம் மட்டும் புரியவில்லை என்று சொல்பவர்கள் அதைக் கழற்றிப் பார்க்கலாம்.

இவற்றிற்கெல்லாம் செலவில்லாத எச்சரிக்கைக் கருவி ஒன்று உண்டு: எஞ்சினைக் கிளப்பியதும் பின்பக்கம் எட்டிப் பார்த்து, புகையோடு தண்ணீர் வழக்கமான அளவில் துப்பப்படுகிறதா என்று கவனிப்பது. வெப்பமானியின் முள் அசைவதற்கு முன்பே அந்தத் தண்ணீர் செய்தி சொல்லிவிடும். புகையின் நிறத்தையும் பழகிக்கொள்ளுங்கள். கறுப்பு என்றால் சுமை அதிகம் அல்லது காற்றுப் போதவில்லை. நமது வெதுவெதுப்பான நீரில் அடிப்பகுதியிலும் புரொப்பெல்லரிலும் சிப்பிகள் விரைவாக ஏறிவிடுவதால், அடிப்பாகத்தைச் சுரண்டியதுமே கறுப்புப் புகை மறைந்த படகுகள் பல. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. நீராவி போன்ற அடர்ந்த வெண்மை, தண்ணீர்த் துப்பல் குறைந்திருக்கும்போது தோன்றினால், உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்தப் பாருங்கள்.

'டீசலில் பூஞ்சை' என்கிறார்கள். எண்ணெயில் எப்படி ஏதாவது வளரும்?

எண்ணெயில் வளர்வதில்லை, எண்ணெய்க்கு அடியில் தேங்கும் தண்ணீரில் இருந்துகொண்டு எண்ணெயைத் தின்கிறது. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர்போனது. பாதி காலியான தொட்டிக்குள் புகும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீர்த்துளிகளாக இறங்கும். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் குறையாத ஊரில் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? கறுப்புச் சேறாகத் தொட்டியின் அடியில் அது அமைதியாகக் கிடக்கும், கடல் அமைதியாக இருக்கும் வரையில்.

என் அனுபவம் இதுதான். சாங்கிக்கு எதிரே உள்ள புலாவ் உபின் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அதுவரை எந்தக் குறையும் சொல்லாத எஞ்சின், எதிரே போன பெரிய படகின் அலைகளில் நான்கைந்து முறை தூக்கிப் போடப்பட்டதும், வேகம் தாழ்ந்து, மீண்டும் ஏறி, திணறி, நின்றது. நீரோட்டம் எங்களை மீன்பண்ணைகள் பக்கம் கொண்டுபோகத் தொடங்கியது. நங்கூரத்தைப் போட்ட பிறகு மூடியைத் திறந்தால், வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணம் காபிக்கொட்டை வண்டல் போன்ற சேற்றால் நிறைந்திருந்தது. தொட்டியைச் சுத்தம் செய்துதான் விற்கிறேன் என்று படகை விற்றவர் சொல்லியிருந்தார். நானும் திறந்து பார்க்கவில்லை. வடிகட்டியை மாற்றி, கைப்பம்பால் டீசலை ஏற்றி, எரிபொருள் குழாயில் சிக்கிய காற்று (ஏர் லாக்) போகும் வரை திருகைத் தளர்த்தி இறுக்கி, மறுபடி கிளப்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. இன்று அதே வேலையைப் பத்து நிமிடத்தில் செய்துவிடுவேன். அன்று அதை முதன்முறையாக, ஆடும் படகில், பதற்றத்தில் செய்ததுதான் தவறு. கரையில் கட்டியிருக்கும்போது ஒரு முறை செய்து பழகியிருக்க வேண்டும்.

தொட்டியை நிரப்பியே வைத்திருப்பது, நீர்ப்பிரிப்பான் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மாதம் ஒருமுறை சிறிது வடித்துப் பார்ப்பது, சந்தேகம் எழுந்தால் தொட்டியைத் திறந்து உண்மையிலேயே கழுவுவது ஆகியவைதாம் வழி. மருந்து ஊற்றுவது பூஞ்சையைக் கொல்லும். ஆனால் செத்த பூஞ்சையும் வடிகட்டியை அடைக்கும்.

போன வாரம்தான் பட்டறையில் முழுச் சோதனை செய்தேன். இன்று பழுதாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்ய வேண்டாம். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கரையோரப் பிரிவுக்காக ஆய்வு செய்த உயிரியலாளர் சி. எச். வாடிங்டன் ஒரு விந்தையைக் கண்டார். ஐம்பது மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை நடந்த வழக்கமான சோதனைக்கு உடனடிப் பின்னர்தான் விமானங்களில் எதிர்பாராத பழுதுகள் மிக அதிகமாக இருந்தன. நாள் செல்லச் செல்லக் குறைந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கழற்றி மாட்டும்போது புதுக் குறைகளும் உள்ளே வந்துவிடுகின்றன என்பதே அதன் பொருள். எனக்கும் ஒரு பட்டறையில் நேர்ந்தது: இம்பெல்லரை நன்றாகவே மாற்றினார்கள், வழியில் இருந்த குழாயின் கிளாம்பை இறுக்க மறந்துவிட்டார்கள். பார்த்ததும் பட்டறைக்காரரே வருந்தினார்.

அதனால் பராமரிப்பே வேண்டாம் என்றாகிவிடாது. பழுது பார்த்த படகை முதல் பயணத்திலேயே குடும்பத்தோடு தூரத் தீவுக்குக் கொண்டுபோகாமல், கரைக்கு அருகில் ஒரு மணி நேரம் ஓட்டி, திரும்பி வந்து, மூடியைத் திறந்து, தொட்ட இடங்களை எல்லாம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்றாகும். ஒரே நாளில் ஐந்து வேலைகளைச் செய்யாமல் இருப்பதும் நல்லது. ஏதேனும் தவறினால் எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

பழைய எஞ்சினைக் களைப்படையச் செய்யக் கூடாது என்று இரண்டு மாதத்திற்கு ஒருமுறைதான் எடுக்கிறேன். சரிதானே?

சரியில்லை. சாங்கி முனையிலிருந்து உபினுக்குப் போகும் மரப் பம்போட்டுகளைப் பாருங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் புறப்பட்டு, நாள் முழுவதும் போய் வருகின்றன. அவற்றின் எஞ்சின் ஓசையைக் கேட்டு யாரும் நாளைக்கு இது ஓடுமா என்று ஐயப்படுவதில்லை, ஏனெனில் இன்று அது பத்து முறை ஓடிவிட்டது. மேலும், ஓட்டுபவரின் காது சிறு மாற்றத்தையும் அன்றே பிடித்துவிடும். கட்டிப்போட்ட படகிலோ சீல்கள் உலர்கின்றன, இம்பெல்லர் இறுகுகிறது, பேட்டரி தானாக இறங்குகிறது, கடல்நீர் வால்வு துருவால் ஒட்டிக்கொள்கிறது. வெறுமனே கட்டிய இடத்தில் பத்து நிமிடம் உறுமவிடுவதும் போதாது. சுமையோடு, முழுச் சூடு ஏறும் வரை, வாரம் ஒருமுறை இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

பேட்டரி மூன்று ஆண்டுகூடத் தாங்குவதில்லை. குறைபாடுள்ள சரக்கா?

வெப்பம். ஈய அமில பேட்டரிக்குக் குறிப்பிடப்படும் ஆயுள் பொதுவாக 25 பாகை செல்சியஸுக்கானது. அதற்கு மேல் பத்துப் பாகை கூடினால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. நமது எஞ்சின் அறைகள் அதைத் தாராளமாகத் தாண்டுகின்றன. ஓய்விலிருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். எஞ்சினைக் கிளப்புவதற்கென்று தனி பேட்டரி ஒன்றை ஒதுக்கி, விளக்கும் பாட்டும் மற்றொன்றில் ஓடும்படி செய்துவிட்டால், தீவருகே மாலை வரை இருந்துவிட்டுத் திரும்பும்போது ஏற்படும் அந்த வயிற்றுக் கலக்கம் பெரிதும் தணியும்.

பெட்ரோல் எஞ்சின் என்றால்?

கிளப்புவதற்கு முன் எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் காற்றூதியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்டு, மூடியைத் திறந்து பெட்ரோல் வாடை வருகிறதா என்று மூக்கால் முகர்ந்து பாருங்கள். இதில் விதிவிலக்கே இல்லை.

எஞ்சின் நின்றேவிட்டது. முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

எஞ்சின் மூடியைத் திறக்காதீர்கள். எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். அந்த நேரத்தில் படகு எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நமது நீரோட்டம் வலுக்கும். மூன்று நாட் (மணிக்கு மூன்று கடல்மைல்) வேகம் என்றால் நிமிடத்திற்குத் தொண்ணூறு மீட்டருக்கும் மேல். பத்து நிமிடம் குனிந்து திருகைத் தேடினால், நிமிரும்போது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பீர்கள். ஆகவே முதலில் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி. அடுத்து, நங்கூரம் போடக்கூடிய இடமா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு நங்கூரம். கடலடியில் மின்வடமோ குழாயோ போகும் இடம், கப்பல் வழித்தடம் ஆகியவற்றில் போடக் கூடாது. ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு நீளம் சங்கிலியும் கயிறுமாக விட வேண்டும். நங்கூரம் மெத்தைக்கு அடியில், பழைய மீன்பிடித் தடிகளுக்குக் கீழே இருந்தால் இவை எதுவும் நடக்காது. புறப்படும்போதே அணியத்தில் (படகின் முன்முனையில்) தயாராக இருக்கட்டும்.

தெற்குத் தீவுகள் பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னும் கடுமையான விஷயம். சிங்கப்பூர் நீரிணையின் கப்பல் போக்குவரத்துத் தடங்களில், இருபது மீட்டருக்குக் குறைவான கலங்கள் பெரிய கப்பல்களின் வழியில் குறுக்கிடக் கூடாது என்பது பன்னாட்டுக் கடல்விதி. 2023இல் இத்துறைமுகத்திற்கு வந்த கப்பல்களின் மொத்தக் கொள்ளளவு 300 கோடி டன்னைக் கடந்தது. அந்தக் கப்பல்களால் உங்களுக்காகச் சட்டென்று நிற்கவோ திரும்பவோ முடியாது. அங்கே எஞ்சின் நின்றால், சரிசெய்ய முயல்வதற்கு முன்பே விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் தெரிவித்துவிட வேண்டும்: உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 'மேடே', அவ்வளவு இல்லாத அவசரம் என்றால் 'பான் பான்', எதுவானாலும் மூன்று முறை, பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், சிக்கல், எத்தனை பேர் என்பவை. கைபேசி மட்டும் போதாது. அருகிலிருக்கும் கப்பல் உங்கள் கைபேசியைக் கேட்காது.

ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து சுவர்போல் கருத்து வரும் சுமத்ரா சூறைக்காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். மணிக்கு நாற்பது முதல் எண்பது கிலோமீட்டர் வேகக் காற்றில் நல்ல எஞ்சினுடன் இருப்பதே சிரமம். நம்பிக்கை குறைந்த எஞ்சினை வைத்துக்கொண்டு வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் புறப்படுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

கையோடு என்னென்ன உதிரிகள் வைத்திருக்க வேண்டும்?

இம்பெல்லர், அதன் கேஸ்கெட், எரிபொருள் வடிகட்டிகள் இரண்டு, பெல்ட், கிளாம்புகள், ஃபியூஸ்கள், எஞ்சின் எண்ணெய், எஞ்சினைக் குளிரூட்டும் நீர் (கூலன்ட்). அவற்றை மாட்டுவதற்கான சரியான அளவுத் திருகுசாவிகளும் (ஸ்பேனர்) உடன் இருக்கட்டும். உதிரி இருந்து சாவி இல்லாமல் தவித்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

வீட்டாருக்கு அச்சம். நான் எவ்வளவு சொன்னாலும் வர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

சொல்வதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். உபின் பக்கம் எஞ்சின் நின்ற நாளுக்குப் பிறகு என் மனைவி, "இன்னிக்குக் கரை வந்து சேருவோமாங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னது அவரை அமைதிப்படுத்தவே இல்லை. அது பொய் என்று இருவருக்கும் தெரியும். பிறகு ஒரு நாள் வானொலியை எப்படி இயக்குவது, நங்கூரத்தை எப்படி விடுவது, தீயணைப்பான் எங்கே, எந்த வால்வை மூட வேண்டும் என்று அவரையே செய்ய வைத்தேன். மகளுக்குப் புகையோடு வரும் தண்ணீரைப் பார்க்கும் பொறுப்பு. இப்போதும் அவர்கள் பழுது பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் என்னிடமிருந்து உறுதிமொழி கேட்பதில்லை, 'வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள்?' என்று கேட்கிறார்கள். உரிமையாளருக்கு இது சற்றுச் சங்கடம்தான்.

பதிவேடு எழுத வேண்டும் என்கிறார்கள். அவசியமா?

ஆம். தேதி, எஞ்சின் ஓடிய மணி, செய்த வேலை, சூடு, எண்ணெய் அளவு ஆகியவை போதும். ஆண்டுக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெயின் சிறு மாதிரியை ஆய்வகத்திற்கு அனுப்பி வரும் முடிவையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். இரும்பு கூடினால் உள்ளே தேய்மானம், சோடியம் தென்பட்டால் கடல்நீர் கசிவு என்று ஐயுறலாம். ஒரே ஒரு முடிவைவிட, மூன்று நான்கு ஆண்டு முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே பயன்படும்.

எந்தக் கட்டத்தில் படகைக் கைவிடுவது?

எஞ்சினுக்காக அல்ல, எஞ்சினை மாற்ற முடியும். உடலின் உள்ளே இருக்கும் மரம் இற்றுப்போயிருந்தால் கணக்கு மாறிவிடும்: எஞ்சினைத் தாங்கும் நெடுங்கட்டைகள், பின்பலகை, தளத்தின் உள்ளீடு ஆகியவை. ரப்பர்த் தலைச் சுத்தியலால் கையகலத்திற்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்றும், ஊறிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும். மந்தமான இடம் உள்ளங்கை அளவு என்றால் வெட்டி ஒட்டலாம். பின்பலகை முழுவதும் அப்படி என்றால் செலவு படகின் விலையைத் தாண்டக்கூடும், அப்போது முறையாக அகற்றுவதற்கான தொகையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். என் படகில் இடப்பக்க மூலையில் ஒரு சாண் அளவுக்கு மந்தமாக ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து தேதி போட்டிருக்கிறேன். மூன்று ஆண்டுகளாகியும் ஒலி கோட்டைத் தாண்டவில்லை.